பழைய கணினியில் ஃபார் க்ரை 2: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பாவித்த கணினியை வாங்கி வைத்திருக்கும் இளைஞர்கள் பலருக்கு ஒரே கவலைதான்: இப்போது வெளிவரும் திறந்த உலகச் சுடுதல் விளையாட்டுகள் (பெரிய நிலப்பரப்பில் விரும்பியபடி உலவவிடுபவை) எதுவும் அந்தப் பெட்டியில் ஓடாது. அப்படியானவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஃபார் க்ரை 2. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள யூபிசொஃப்ட் கலையகம், கிளின்ற் ஹொக்கிங் என்பவரின் நெறியாள்கையில் உருவாக்கி, 2008 ஒக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு இது. 2004 இல் ஜேர்மனியின் க்ரைரெக் நிறுவனம் செய்த முதற்பாகத்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர அதிக தொடர்பில்லை. அங்கே கதை நடப்பது விகார உயிரினங்கள் உலவும் பசுபிக் தீவுகளில். இங்கே, பெயர் சொல்லப்படாத ஓர் ஆபிரிக்க நாட்டில், உள்நாட்டுப் போரின் நடுவில். சண்டையிடும் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் ஜெக்கால் என்ற வணிகனைக் கொல்வதற்கு அனுப்பப்பட்ட கூலிப்படையாளாக நீங்கள் அங்கே போய் இறங்குகிறீர்கள். முதற்பாகத்தை ஆடியிராதவர்களும் தயக்கமின்றி இதைத் தொடங்கலாம்.

தொடங்கியவர்களிற் பலர் முதல் சில மணித்தியாலங்களிலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இந்த விளையாட்டு ஆடுபவரை வசதியாக இருக்க விடுவதில்லை. துப்பாக்கி துருப்பிடித்துச் சண்டையின் நடுவில் சிக்கிக்கொள்ளும், காய்ச்சல் வரும், ஒரு வேலைக்கென்று புறப்பட்டால் போகும் வழியெல்லாம் சுடுவார்கள். இதன் கவர்ச்சியும் இதன் குறைகளும் இந்த ஒரே பிடிவாதத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. அவற்றில் எவை பழகினால் தீரும், எவை எவ்வளவு பழகினாலும் தீரா என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், பாதியில் விட்டுவிட்டு வரவேண்டிய தேவை இராது.

முதலில் கணினி

வெளிவந்த காலத்தில் இந்த விளையாட்டு கேட்ட குறைந்தபட்சத் தகுதி, 3.2 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 செயலி, 1 ஜிபி ராம், 256 எம்பி நினைவகமும் ஷேடர் மொடல் 3 ஆதரவும் உள்ள கிராபிக்ஸ் அட்டை ஆகியவைதான். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள்கூட இன்று இதைவிட மேலானவை. தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாதவர்கள் திரைத் தெளிவையும் நிழல்களையும் குறைத்துவிட்டு, அமைப்புகளில், படங்களை வரைய விளையாட்டு பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் மென்பொருளின் 9 ஆம் பதிப்பைத் தெரிவு செய்து பார்க்கவேண்டும். டைரக்ட்எக்ஸ் 10 இல் கிடைக்கும் அழகு, பலவீனமான கணினியில் அது உண்டாக்கும் இழுபறிக்கு ஈடாகாது.

விளையாட்டை ஸ்டீம் போன்ற இணையக் கடையிலேயே வாங்குங்கள். விலை டொலரில் காட்டப்படும் என்பதால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு செய்யக்கூடிய வங்கி அட்டை ஒன்று தேவைப்படும். பழைய விளையாட்டு ஆதலால் தள்ளுபடிக் காலங்களில் விலை நன்றாக இறங்கும். அதுவரை பொறுத்திருப்பதில் நட்டமில்லை. பொதியில் இரவுநேர டேட்டா தனியாக உள்ளவர்கள் இறக்கத்தை இரவில் போட்டுவிடலாம். இறுவட்டில் பதிந்து விற்கப்படும் உடைத்த பிரதிகளை விட்டுவிடுங்கள். நியாயம் ஒருபுறமிருக்க, அவற்றுடன் வந்து சேரும் வைரஸை நீக்குவதற்குக் கணினிக் கடைக்குக் கொடுக்கும் கூலி, அநேகமாக விளையாட்டின் தள்ளுபடி விலையைத் தாண்டிவிடும்.

நிறுவியபின், ரசிகர்கள் உருவாக்கிய மல்ரி ஃபிக்ஸர் என்ற திருத்தக் கோப்பையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஜெக்காலின் குரல் பதிந்த ஒலிநாடாக்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன; அவை சரியாக ஒலிக்காத பழைய வழு ஒன்றை அது சீர்செய்கிறது. அந்த நாடாக்களைக் கேட்காவிட்டால் கதையின் சாரத்திற் பாதி போய்விடும்.

வீட்டில் சிறுவர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கத் தரப்படுத்தலில் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. சுடுவது மட்டுமல்ல, காயத்திலிருந்து ரவையைத் தானே பிடுங்கி எடுப்பது போன்ற காட்சிகளும் அண்மையிலிருந்து காட்டப்படும்.

ஆளைத் தெரிவு செய்தலும் தொடக்கமும்

ஒன்பது கூலிப்படையாட்களில் ஒருவரைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். மொரீசியஸைச் சேர்ந்த குர்பானி சிங், ஹெயிற்றியைச் சேர்ந்த அன்ட்ரே ஹிப்பொலிற் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னணி எழுதப்பட்டிருக்கும். இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். யாரைத் தெரிவு செய்தாலும் ஓட்டமோ பலமோ மாறாது; நீங்கள் தெரிவு செய்யாத ஏனையோர் பின்னர் நண்பர்களாக வந்து சேர்வார்கள், அவ்வளவே. கடினநிலையைப் பொறுத்தவரை, சுடுதல் விளையாட்டில் முன்பழக்கம் உள்ளவர்களும் முதல் முறை நடுநிலைக்கு மேல் போகவேண்டாம் என்பேன்.

தொடக்கத்தில் ஒரு வாடகைக் கார்ப் பயணம் வருகிறது. நீளமானது, தாண்டிச் செல்ல முயலாமல் பாருங்கள். வழியில் தென்படும் சாவடியும் எரியும் புல்வெளியும் நாட்டைவிட்டு ஓடும் மக்களும் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு. அதன்பின் மலேரியாவில் விழுந்து, பாலா என்ற ஊரில் ஒரு சண்டைக்குள் அகப்பட்டு, ஒருவாறு உயிர் தப்பி வேலை தேடத் தொடங்குவீர்கள். சண்டையிடும் தரப்புகள் இரண்டு: யூஎஃப்எல்எல், ஏபிஆர். இரண்டின் அலுவலகங்களும் அதே ஊரில்தான் உள்ளன. ஊருக்குள் போர்நிறுத்தம் நடைமுறையில் இருப்பதால் அங்கே சுடாதீர்கள். சுட்டால் இரு தரப்பும் சேர்ந்து உங்களை முடித்துவிடும். எந்தத் தரப்பிடம் வேலை எடுத்தாலும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு தரப்பில் நம்பிக்கை வைத்து அதற்காக உழைக்கலாம் என்று எண்ணி வருபவரை ஏமாற்றுவதே இக்கதையின் நோக்கம் என்று தோன்றுகிறது.

ஆயுதம்: கீழே கிடப்பதை எடுக்காதீர்கள்

புதியவர்களின் அவதியில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. செத்து விழுந்த எதிரியின் துப்பாக்கி துருவேறியது. சில ரவைகளிலேயே சிக்கும், விடாமல் சுட்டுக்கொண்டிருந்தால் கையிலேயே வெடித்துச் சிதறும். ஆகவே கையில் வைரம் சேர்ந்தவுடன் ஆயுதக் கடைக்குப் போங்கள். இங்கே பணம் என்றால் பட்டைதீட்டாத வைரந்தான். ஒரு துப்பாக்கியை ஒருமுறை வாங்கிவிட்டால், கடைக்கு அருகிலுள்ள களஞ்சியத்தில் அதன் புதிய பிரதியை எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெரிய வேலைக்கும் முன்னர் பழையதை அங்கே வைத்துவிட்டுப் புதியதை எடுப்பதை வழக்கமாக்கினால், சிக்கிக்கொள்ளும் தொல்லை ஏறத்தாழ மறைந்துவிடும்.

கடையில் முதலில் வாங்கவேண்டியவை நம்பகத்தன்மையை உயர்த்தும் கையேடுகளும் கூடுதல் ரவை கொண்டுசெல்லும் பட்டியும்; பளபளப்பான பெரிய துப்பாக்கிகள் காத்திருக்கட்டும். கடைக்காரர் தரும் வேலைகள், எதிரியின் சரக்கு வாகனத் தொடரை அழிப்பவை. ஒவ்வொன்றும் முடிய, வாங்கக்கூடிய புதிய ஆயுதங்கள் கடைக்கு வரும். அந்த வாகனங்கள் ஒரே பாதையைச் சுற்றிச்சுற்றி வருவதால் துரத்திக்கொண்டு ஓடுவது வீண் வேலை. பாதையோரத்தில் வெடிபொருளை வைத்துவிட்டுப் பற்றைக்குள் இருந்தால், அவை தாமாகவே உங்களிடம் வந்து சேரும்.

மூன்று வகை ஆயுதங்களைக் கொண்டுசெல்லலாம்; கத்தி எப்போதும் கூடவே இருக்கும். முதன்மையாகத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் உதவும் ஒரு துப்பாக்கி, துணையாக எம்79 எறிகுண்டுத் துப்பாக்கி, கனரகத்தில் உங்கள் விருப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்79 ஐ நான் வலியுறுத்துவதற்கான காரணம் வீதியில் விளங்கும்.

பாதை

வேலைகளை வெல்வதைவிட, வேலை இருக்கும் இடத்துக்கு உயிரோடு போய்ச் சேர்வதே இந்த விளையாட்டில் கற்கவேண்டிய கலை. நாடு இரண்டு பெரும் நிலப்பரப்புகளாகப் பிரிந்திருக்கிறது: வடக்கே லெபோவா-சாக்கோ, தெற்கே போவா-செக்கோ, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். திரையின் மூலையில் சிறு வரைபடம் எதுவும் கிடையாது. காகித வரைபடத்தையும் ஜீபிஎஸ் கருவியையும் கையில் விரித்துத்தான் பார்க்கவேண்டும். பார்க்கும்போது உலகம் நின்று காத்திருக்காது. வாகனம் ஓட்டிக்கொண்டே மடியில் வரைபடத்தை விரித்து, அதைப் பார்த்ததில் மரத்தில் மோதுவது எல்லோருக்கும் நேரும். அப்படி நேர்வதில்தான் இந்த நாடு உண்மையானது என்ற உணர்வு வருகிறது.

வீதிச் சந்திகள் தோறும் சென்றிகள், அதாவது ஆயுதம் ஏந்தியவர்கள் நிற்கும் காவற்சாவடிகள், உள்ளன. இப்பக்கத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்குச் சென்றியை நெருங்கும்போது வாகனத்தின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். விளையாட்டில் அது உயிருக்கு உலை. இங்கே எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை, கண்டவுடன் சுடுவார்கள். நீங்கள் எந்தத் தரப்புக்கு வேலை செய்தாலும் இதுதான் நிலை. உங்கள் வேலை இரகசியமானது, ஆகவே அந்தத் தரப்பின் சாதாரண வீரனுக்கு உங்களைத் தெரியாது என்று கதை ஒரு காரணம் சொல்கிறது. ஏற்கக்கூடிய காரணந்தான், ஆனால் நாள் முழுவதும் எல்லோரும் சுடுவதற்கு அது போதாது.

புறப்படுமுன் செய்யவேண்டியது இது. வரைபடத்தில் உங்கள் இலக்கைப் பாருங்கள். அருகில் ஆறு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் படகில் போங்கள். ஆற்றங்கரையில் சென்றிகள் குறைவு, படகைத் துரத்தி வருவோரும் குறைவு. ஆறு இல்லையென்றால் பேருந்து நிலையத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிலப்பரப்பிலும் நடுவிலும் மூலைகளிலும் பேருந்து நிலையங்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சண்டையில்லாமல் போய்விடலாம். புதியவர்களிற் பலர் இதைக் கவனிக்காமலே நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஜீப்பில் போய்க் களைத்துவிடுகிறார்கள். பேருந்தில் இறங்கிய இடத்திலிருந்து மீதித் தூரத்துக்கு மட்டும் வாகனம் எடுங்கள். சென்றி தென்படுமுன் வீதியைவிட்டு இறங்கிப் பற்றைவழியாகச் சுற்றிப் போங்கள்.

அப்படியும் ஒரு ஜீப் துரத்தி வந்தால் ஓடித் தப்ப முயலாதீர்கள். அவர்களின் வாகனம் விடாது. பின்னாலிருக்கும் இயந்திரத் துப்பாக்கி உங்கள் இயந்திரத்தைப் புகைய வைத்துவிடும். நிறுத்தி, இறங்கி, வாகனத்தை மறைப்பாக வைத்து, எம்79 ஆல் ஒரு குண்டு அடியுங்கள். அல்லது சாரதியையும் சுடுபவனையும் மட்டும் வீழ்த்திவிட்டு அந்த ஜீப்பையே எடுத்துக்கொண்டு போங்கள்.

சென்றியைத் தாக்கியே ஆகவேண்டிய வேளைகளில், முதலில் தொலைவில் நின்று ஒற்றைக்கண் நோக்கியால் பார்த்து, ரவைக் குவியலும் மருந்துப் பெட்டியும் வாகனமும் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றைப் பாருங்கள். இங்குள்ள தீ, காய்ந்த புல்லிலும் காற்றின் திசையிலும் தானாகப் பரவும்படி அமைக்கப்பட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஓர் இலுக்குப் புல்வெளி பற்றிக்கொண்டால் அது எப்படி வயலையும் வேலியையும் கடந்து ஓடுமோ அப்படித்தான் இங்கும். காற்று முதுகுப்பக்கத்திலிருந்து வீசும் இடத்தில் நின்று ஒரு பெற்றோல் குண்டை எறிந்தால், சென்றியிலுள்ளவர்கள் மறைப்பைவிட்டு வெளியே ஓடுவார்கள், ரவைக் குவியல் வெடிக்கும், நீங்கள் சில சூடுகளோடு வேலையை முடிக்கலாம். காற்று திசை மாறினால் அதே தீ உங்களை வந்து சூழும். திட்டம் போடுவது, திட்டம் குழம்புவது, குழம்பியபின் கையிலிருப்பதை வைத்துச் சமாளிப்பது என்ற இந்தச் சுழற்சியில்தான் ஃபார் க்ரை 2 இன் சிறப்பு முழுவதும் இருக்கிறது. பின்னர் வந்த எத்தனையோ திறந்த உலக விளையாட்டுகளில் இதற்கிணையான பதற்றத்தை நான் காணவில்லை.

காய்ச்சலும் காயமும் நண்பர்களும்

இடைக்கிடை திரை மங்கி மஞ்சளாகும்; உடனே மாத்திரை போடவேண்டும். முதல் மாத்திரைகள் பாலாத் தேவாலயத்துப் பாதிரியார் மூலம் கிடைக்கும். அவை தீர்ந்தபின், மறைந்து வாழும் பொதுமக்களுக்குப் பயணப் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் மருந்து தருவார்கள். தீர்ந்துபோகும்வரை காத்திராமல், அறிவிப்பு வந்தவுடன் அந்த வேலையைச் செய்துவிடுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. ஆதலால் இதை ஆடும் இளையோரிற் பெரும்பாலானோர் அந்த நோயைக் கண்டிருக்கமாட்டார்கள். உண்மையில் அது முறையான மருந்தால் குணமாகும் நோய். விளையாட்டில் வருவதுபோல ஒரு மாத்திரையில் அடங்கி மறுபடி மறுபடி எழுவது கதையின் வசதிக்காகச் செய்யப்பட்டது.

காயத்துக்கு ஊசிமருந்து உண்டு. உயிர்க்கோடு கடைசிக் கட்டத்துக்கு இறங்கிவிட்டால் முதலில் மறைவிடம் தேடிவிட்டே சிகிச்சையைத் தொடங்குங்கள், அதற்குச் சில வினாடிகள் எடுக்கும்.

நீங்கள் முற்றாக விழுந்துவிட்டால் நண்பர் ஒருவர் வந்து இழுத்துச்சென்று காப்பாற்றுவார். ஆனால் ஒருமுறைதான், அதன்பின் பாதுகாப்பு வீட்டில் (நீங்கள் ஓய்வெடுத்துச் சேமிக்கும் மறைவிடம்) அவரைச் சந்தித்துப் பேசினால்தான் மறுமுறை வருவார். தரப்புகள் தரும் வேலையை ஏற்றபின் இன்னொரு நண்பர் தொலைபேசியில் அழைத்து வேறொரு வழியைச் சொல்வார். அவ்வழி நீளமானது, அதில் போனால் பாதுகாப்பு வீடுகளில் ரவையும் மருந்தும் கூடும், நட்பும் வளரும். அவர் அடிபட்டு விழுந்தால் உங்கள் ஊசிமருந்தைக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் இறந்துவிடுவார். இறந்தவர் திரும்பி வருவதில்லை. எனவே கைவசம் ஊசிமருந்து நிறைவாக இல்லாதபோது நண்பரின் வழியை ஏற்காதீர்கள்.

கணினிப் பதிப்பில் எந்த இடத்திலும் சேமிக்கலாம். மின்சாரம் எப்போது போகுமென்று சொல்லமுடியாத வீடுகளில், ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் பின்னும் சேமிப்பது புத்தி. வைரப் பெட்டிகள் நாடெங்கும் 221 உள்ளன. ஜீபிஎஸ் கருவியின் பச்சை விளக்கு வேகமாக மினுங்கினால் அருகில் ஒன்று இருக்கிறதென்று பொருள். போகும் வழியில் அகப்படுவதை எடுங்கள், எல்லாவற்றையும் சேர்க்கப் புறப்படாதீர்கள்.

பழகினாலும் தீராதவை

நீங்கள் துடைத்தெறிந்த சென்றி, சற்றுத் தூரம் போய்த் திரும்பி வருவதற்குள் மீண்டும் ஆட்களால் நிரம்பியிருக்கும். இதற்கு மருந்து எதுவுமில்லை. படகும் பேருந்தும் இத்தொல்லையைக் குறைக்கும், நீக்காது. போர் ஒருவனால் மாறாது என்று காட்டுவதற்காகவே இப்படி அமைத்தார்கள் என வாதிடுவோர் உண்டு. கருத்தளவில் அது சரியாக இருக்கலாம், ஆனால் வேலைமுடித்துக் களைத்து வருபவரை அதே சந்தியில் அதே சண்டையைத் திரும்பச் செய்ய வைப்பது வெறும் சலிப்புத்தான். பக்க வேலைகளும் அப்படியே. தொலைத்தொடர்புக் கோபுரத்தில் கிடைக்கும் கொலை ஒப்பந்தங்கள் இடம் மாறுமே தவிர வகை மாறா. சிலவற்றைச் செய்தபின் மீதியை விட்டுவிடலாம். பேச்சும் ஒரு குறை. எல்லோரும் மூச்சுவிடாமல், உணர்ச்சியே இல்லாமல், வேகவேகமாக ஒப்புவிக்கிறார்கள். ஆங்கிலம் அவ்வளவு பழக்கமில்லாதவர்கள் எழுத்துரையைத் திறந்து வைத்துக்கொள்ளவேண்டும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. தொடக்கப் பயணத்துக்குப் பிறகு இந்த நாட்டில் சாதாரண மனிதர்களையே காணமுடியாது. ஒளிந்து வாழும் சிலரை மருந்துக்காகச் சந்திப்பதோடு சரி. சந்தையில்லை, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்கள் இல்லை, சென்றிக்குப் பக்கத்தில் கடை போட்டிருப்பவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லை. போர் நடக்கும் இடத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டும் இருப்பார்கள் என்று, போரைச் செய்தியில் பார்த்தவர்கள் எண்ணலாம். வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து அதைக் கடந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். ஆயுத வணிகத்தைப் பற்றி இவ்வளவு கசப்பாகவும் நேர்மையாகவும் பேச முனைந்த ஒரு விளையாட்டு, அந்த ஆயுதங்கள் யார்மேல் பிரயோகிக்கப்படுகின்றன என்பதைக் காட்டாமல் விட்டது அதன் வாதத்தையே பாதியாக்கிவிடுகிறது.

ஒரே மூச்சில் பல மணிநேரம் ஆடினால் இக்குறைகள் பெருத்துத் தெரியும். ஒருமுறை அமர்ந்தால் ஒரு முதன்மை வேலை, வழியில் ஒரு சிறு வேலை, பிறகு பாதுகாப்பு வீட்டில் சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு நிலப்பரப்பு முடியும்வரை ஆடியும் சென்றிகள் மீண்டும் நிரம்புவதைச் சகிக்கமுடியவில்லையென்றால், தெற்கிலும் அதுவே தொடரும் என்பதால் அங்கேயே நிறுத்திவிடலாம். அத்தகையவர்களுக்கு 2012 இல் வந்த ஃபார் க்ரை 3 பொருந்தும். அதில் கைப்பற்றிய முகாம் உங்கள் வசமே இருக்கும், துப்பாக்கி சிக்காது, காய்ச்சலும் வராது. அதற்குச் சற்றுப் பலமான கிராபிக்ஸ் அட்டை தேவைப்படும் என்பதால், வாங்குமுன் கடைப்பக்கத்திலுள்ள தகுதிப் பட்டியலை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.